பிரசவம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டாவது கர்ப்பம், இப்போது 21 வாரம். ஒன்றரை மாதத்துக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளை ஒட்டி ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. செக்கப்புக்குப் போனபோது சொன்னேன். ‘பால் சுரப்பி வளர்கிறது, கர்ப்பத்தில் இது சகஜம்’ என்றார்கள். கட்டி கரையவில்லை. போன வாரம் நானே வற்புறுத்திக் கேட்டு ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 4, பயாப்சி தேவை’ என்று இருக்கிறது. ஊசி குத்தினால் பரவிவிடும், பிரசவம் முடியட்டும் என்கிறார் மாமியார். மாமோகிராமும் எடுக்கச் சொல்வார்கள், குழந்தைக்கு ஆபத்து என்று அம்மா அழுகிறார். கணவர் ‘நீ சொல்வதுதான்’ என்கிறார். எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. புற்றுநோய் என்று வந்துவிட்டால் இந்தக் குழந்தையை விட்டுவிட வேண்டுமா? பயாப்சியை நான்கு மாதம் தள்ளிப்போட முடியாதா, டாக்டர்?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். நான்கு மாதம் என்ன, நான்கு வாரம்கூட வேண்டாம். இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியை உங்களால் நிம்மதியாகப் படிக்க முடியாது. அது புற்றுநோயாகவே இருந்தாலும், உங்களைப் போல் 21 வாரத்தில் இருக்கும் ஒருவர் சிகிச்சைக்காகக் குழந்தையை இழக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வருவதில்லை. குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டே அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கீமோதெரபியும் எடுத்துக்கொண்டு, மாதம் நிறைந்து பெற்றெடுத்த தாய்மார்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களிலும் இருக்கிறார்கள்.

சரி, இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தில் எவ்வளவு சந்தேகம் என்று சொல்லும் எண் வரிசை. பைராட்ஸ் 4 என்றால் ‘புற்றுநோய்’ என்று அர்த்தம் இல்லை. ‘படத்தைப் பார்த்து மட்டும் நல்லது என்று சொல்லிவிட முடியவில்லை, திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்று அர்த்தம். அந்த 4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று ஏதாவது எழுத்து இருக்கிறதா பாருங்கள். 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம். 4பி என்றால் 10 முதல் 50. 4சி என்றால் 50-க்கு மேல். எழுத்து இல்லையென்றால் ஸ்கேன் எடுத்த மருத்துவரிடமே கேட்கலாம்; சொல்வார். எந்த எழுத்தாக இருந்தாலும் அடுத்த படி ஒன்றுதான், பயாப்சி. ஆனால் ‘நூற்றுக்கு ஐந்து’ என்று தெரிந்துகொண்டு அந்த மேசையில் படுப்பதும், ஒன்றுமே தெரியாமல் படுப்பதும் ஒன்றல்ல.

கர்ப்ப காலத்தில் பயாப்சி செய்யப்படும் கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் சாதாரணக் கட்டிகளாகத்தான் முடிகின்றன. ஏற்கெனவே இருந்த ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி கர்ப்பத்தின் ஹார்மோன்களால் பெரிதாகியிருக்கும். பால் சுரப்பிகளே ஓரிடத்தில் திரண்டு கட்டியாகியிருக்கும். பால் தேங்கிய பை, நீர்க்கட்டி, சீழ்க்கட்டி எல்லாம் உண்டு. கர்ப்பத்தோடு வரும் மார்பகப் புற்றுநோய் அரிதுதான், சுமார் 3000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வந்தால் பெரும்பாலும் 32 முதல் 38 வயதுக்குள் வருகிறது. முதல் குழந்தையையே முப்பதுக்கு மேல் பெறுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அதனால் இந்த நோயும் முன்பைவிட அதிகமாக எங்கள் கண்ணில் படுகிறது.

அரிதாக இருப்பதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல். உங்களைப் பார்த்தவர் சொன்னதில் பாதி உண்மை. கர்ப்பத்தில் மார்பகம் கனக்கும், இறுகும், முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். மாதம் நிறையும்போது அதன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஆனால் அந்த மாற்றம் இரண்டு மார்பிலும் பரவலாக இருக்கும். ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், விரலுக்குத் தனியாகப் பிடிபடும் கட்டி அதில் சேராது. இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருக்கிறதா, ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இதே கணக்குதான். ‘சகஜம்’ என்ற வார்த்தையை ஸ்கேன் பார்த்த பிறகு சொல்லட்டும், அதற்கு முன் வேண்டாம். இதை வாசகர்களுக்கு மட்டுமல்ல, மகப்பேறு மருத்துவம் பார்க்கும் என் சகாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கர்ப்பம் உறுதியானதும் வரும் முதல் செக்கப்பிலேயே, மார்பகம் இறுகுவதற்கு முன், இரண்டு நிமிடம் ஒதுக்கிக் கையால் பரிசோதித்துவிட்டால் பின்னால் எவ்வளவோ குழப்பம் குறையும். எடை பார்க்கிறோம், இரத்த அழுத்தம் பார்க்கிறோம், மார்பகத்தை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

வலி இல்லாததால் பயமில்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. நீங்கள் வற்புறுத்தி ஸ்கேன் எடுத்தது மிகச் சரியான காரியம். அந்த வற்புறுத்தலை இன்னும் ஒரு வாரத்துக்கு விடாதீர்கள்.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மார்பக ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது. வயிற்றில் குழந்தையைப் பார்க்கிறார்களே, அதே ஒலி அலைதான். மாமோகிராமில் எக்ஸ்ரே உண்டு. ஆனால் அது மார்பகத்தின் மேல் மட்டும் விழுகிறது. வயிறு அதன் பாதையிலேயே இல்லை. குழந்தைக்குப் போய்ச் சேரும் அளவு 0.01 மில்லிகிரே அல்லது அதற்கும் கீழே. (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் மில்லிகிரே.) எதுவும் செய்யாமல் வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சு, பத்து மாதத்தில் வயிற்றுக் குழந்தைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிரே சேர்ந்துவிடுகிறது. 50 மில்லிகிரேக்குக் கீழே குழந்தைக்கு ஊனமோ வளர்ச்சிக் குறைவோ கருச்சிதைவோ ஏற்பட்டதாகக் காணப்படவில்லை. இந்த எண்களை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். வயிற்றின் மேல் ஈய உறை போடச் சொன்னால் போடுவார்கள், மனதுக்கு ஆறுதலாக இருக்கும். கர்ப்பத்தில் மார்பகத் திசு அடர்ந்துவிடுவதால் மாமோகிராமில் கட்டி மறைந்துகொள்ளலாம். அதனால்தான் முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் மாமோகிராம் என்று போகிறோம். ‘மாமோகிராமில் ஒன்றும் இல்லை’ என்று வந்தாலும், கையில் தட்டுப்படும் கட்டிக்குப் பயாப்சி வேண்டாம் என்று ஆகிவிடாது.

அப்புறம், மாமியார் சொல்வது. ஊசி பட்டால், கத்தி பட்டால் பரவும் என்பது அவர் மட்டும் சொல்வதில்லை, படித்தவர்களும் என் எதிரே உட்கார்ந்து சொல்கிறார்கள். நோய் முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் போன காலத்தில், பயாப்சி எடுத்த சில மாதத்தில் நோயாளி இறந்துபோனார், பழி ஊசியின் மேல் விழுந்தது. ஊசி போன பாதையில் ஓரிரு செல்கள் நகரலாம். அதனால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உலகம் முழுக்க மார்பகப் புற்றுநோயை உறுதி செய்யும் வழியே இதுதான். பயாப்சி இல்லாமல் ஒரு கட்டியை வெட்டி எடுப்பதைத்தான் நான் ஆதரிக்க மாட்டேன்.

என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். முதுகுப் பக்கம் ஒரு சிறு தலையணை வைக்கச் சொல்லுங்கள். 20 வாரத்துக்கு மேல் நேராக மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும், இடது பக்கம் சற்றுச் சாய்ந்தாற்போல் இருப்பது நல்லது. ஸ்கேன் கருவியால் கட்டியைப் பார்த்தபடியே மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே வகை மருந்துதான், கர்ப்பத்தில் தரக்கூடியது. அந்த ஊசி சுருக்கென்று எரியும், வலி என்று சொன்னால் அவ்வளவுதான். பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறலில் பயாப்சி ஊசி உள்ளே போகும். அதன் ஸ்பிரிங் ‘டக்’கென்று சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் துள்ளிவிடுகிறார்கள். முன்கூட்டியே ஒரு முறை வெளியே வைத்து அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். நூலிழை போன்ற திசுத் துண்டுகள் நான்கைந்து எடுப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கர்ப்பத்தில் மார்பகத்துக்கு இரத்த ஓட்டம் அதிகம். ஆகவே முடிந்ததும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நீலம் பாரித்திருக்கும். எடுத்த இடத்திலிருந்து பால் கசியும் தொல்லை அரிதாக வரும், அதுவும் பெரும்பாலும் பாலூட்டுகிறவர்களுக்கு.

இரண்டு விஷயம் கவனமாகக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் சோதனை போதாது, தடித்த ஊசியால் திசுவையே எடுக்கும் ‘கோர் பயாப்சி’ வேண்டும். கர்ப்பத்தில் மார்பகச் செல்கள் இயல்பாகவே வேகமாகப் பெருகுவதால், செல்களை மட்டும் பார்த்தால் நல்லதையும் கெட்டது என்று சந்தேகிக்க நேரும். இரண்டாவது, பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டில் ‘கர்ப்பம், 21 வாரம்’ என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் உங்களைப் பார்ப்பதில்லை, அந்தச் சீட்டை மட்டும்தான் பார்க்கிறார். அந்த ஒரு வரி அவருக்கு அத்தனை முக்கியம்.

முடிவு ‘சாதாரணக் கட்டி’ என்று வந்தால் சந்தோஷம். அப்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஸ்கேனில் தெரிந்ததும் பயாப்சியில் வந்ததும் பொருந்துகிறதா?’ பொருந்தினால் சில வாரம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் போதும். ஸ்கேனில் கட்டி சந்தேகமாக இருந்து பயாப்சியில் ஒன்றும் இல்லை என்று வந்தால், ஊசி சரியான இடத்தில் பட்டதா என்று பார்த்து மறுபடி எடுப்பதுதான் முறை.

புற்றுநோய் என்று வந்தால்?

அன்று உங்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும். மருத்துவர் சொல்வதில் பாதி மனதில் ஏறாது. கணவரையோ, நிதானமான வேறு ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். அன்றைக்கே எந்த முடிவும் எடுக்க வேண்டாம். சில நாள் யோசிப்பதால் நோய் கைமீறிப் போய்விடாது. மாதக்கணக்கில் தள்ளுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அதே திசுவில் ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகளுக்கும் ஹெர்-2 என்ற புரதத்துக்கும் ஆக மூன்று சோதனை செய்வார்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அவை சொல்லும். நோய் வேறெங்காவது போயிருக்கிறதா என்று பார்க்கவும் கர்ப்பத்துக்கு ஏற்ற வழி இருக்கிறது: அக்குளுக்கும் கல்லீரலுக்கும் ஸ்கேன், வயிற்றை மறைத்து ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சாய மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ.-க்குத் தரும் காடோலினியம் சாயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், அதனால் தவிர்க்கிறோம். எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன் போன்றவற்றைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடுகள் கர்ப்பத்தில் தானாகவே ஏறி இறங்கும், அந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம்.

உங்கள் நாட்காட்டியை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 21-வது வாரத்தில் பயாப்சி. 22-ல் முடிவு. 23-க்குள் மற்ற சோதனைகள் முடிந்து, அறுவை சிகிச்சை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், மகப்பேறு மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கீமோ முதலில் என்று முடிவானால் 24-வது வாரம் முதல் தவணை, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று 27, 30, 33. நான்கு தவணை முடிந்துவிடும். அதோடு நிறுத்தி, உங்கள் உடம்பிலும் குழந்தையின் உடம்பிலும் இரத்த அணுக்கள் தேறி வர மூன்று வாரமாவது இடைவெளி விடுகிறார்கள். 37-வது வாரத்தில் பிரசவம். மீதிச் சிகிச்சை அதற்குப் பிறகு. அறுவை சிகிச்சை முதலில் என்றால் 23, 24-ல் அது முடிந்து, புண் ஆறியதும் 27 வாக்கில் கீமோ. பாருங்கள், நீங்கள் தள்ளிப்போட நினைத்த அந்த நான்கு மாதத்துக்குள் சிகிச்சையில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

அறுவை சிகிச்சையைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் செய்யலாம். மயக்க மருந்து குழந்தையை ஊனப்படுத்தும் என்ற பயம் தேவையில்லை. இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள், குழந்தையின் இதயத் துடிப்பை முன்னும் பின்னும் பார்ப்பார்கள், காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும் ஏற்பாடு செய்வார்கள். மார்பகம் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் ‘ஏன்’ என்று கேளுங்கள். கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு கதிர்வீச்சு தர வேண்டும், அது கர்ப்பத்தில் தரக்கூடாது. இதுதான் அப்படிச் சொல்வதற்குக் காரணம். உங்களுக்கு அறுவைக்குப் பிறகு கீமோவும் இருக்கும் என்றால், கதிர்வீச்சின் முறை வருவதற்குள் பிரசவம் முடிந்திருக்கும். ஆக, மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை உங்களுக்குச் சாத்தியமான ஒன்றுதான். கட்டியின் அளவும் இடமும்தான் அதை முடிவு செய்ய வேண்டும். அக்குளில் முதலில் நிணநீர் சேரும் முடிச்சை மட்டும் கண்டுபிடித்து எடுக்கும் முறையும் உண்டு. அதற்குச் சிறு அளவு கதிரியக்க மருந்து தரலாம். நீலச் சாயம் மட்டும் வேண்டாம்.

கீமோதான் எல்லாரையும் அதிர வைக்கிறது. ‘முடி கொட்டும் மருந்து, அதைப் போய்க் குழந்தை வயிற்றில் இருக்கும்போதா?’ என்று கேட்காதவர் இல்லை. முதல் மூன்று மாதத்தில் தரக்கூடாது என்பது உண்மை. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. அப்போது கொடுத்தால் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம். 14 வாரத்துக்குப் பிறகு உறுப்புகள் உருவாகி, வளர்ச்சி மட்டுமே மீதி இருக்கும். அந்தக் கட்டத்தில் கொடுத்தபோது பிறவிக் கோளாறு, எந்தக் கர்ப்பத்திலும் இருக்கக்கூடிய சுமார் 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. டாக்ஸோரூபிசின், எபிரூபிசின், சைக்ளோபாஸ்பமைட் ஆகிய மருந்துகளில்தான் நீண்ட அனுபவம் இருக்கிறது. பாக்ளிடாக்ஸெல்லும் தருகிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் கூடாது. கர்ப்பிணி என்பதற்காக மருந்தின் அளவைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் நோய்க்குத்தான் லாபம். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் குழந்தை வளர்கிறதா, பனிக்குட நீர் போதுமா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். சில குழந்தைகள் எடை சற்றுக் குறைவாகப் பிறக்கலாம், அதைக் கவனிக்கத்தான் இந்த ஸ்கேன்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் ஆமாண்ட் என்ற மருத்துவரும் பல நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து, தாய் கர்ப்பத்தில் புற்றுநோயோடு இருந்தபோது வயிற்றில் இருந்த 129 குழந்தைகளை, அதே வாரத்தில் பிறந்த மற்ற 129 குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய்த் தாய்மாரின் குழந்தைகளில் 96 பேர் வயிற்றிலேயே கீமோவைச் சந்தித்தவர்கள். அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் பொதுவான வளர்ச்சியிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. அதில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைப் பாதித்ததாகத் தெரிந்தது ஒன்றுதான்: குறைமாதத்தில் பிறந்தது. ஆகவே ‘சிகிச்சையைத் தொடங்க வேண்டும், குழந்தையை 32 வாரத்திலேயே எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். குழந்தைக்கோ உங்களுக்கோ வேறு அவசரம் இல்லாதவரை 37 வாரம் வரை அது உள்ளேயே இருக்கட்டும்.

எதெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சுச் சிகிச்சை. டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகள். அவை குழந்தையின் முகத்தையும் பிறப்புறுப்பையும் பாதிக்கக்கூடியவை. ஹெர்-2 வகைக்குத் தரும் டிராஸ்டுசுமாப்; அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரை வற்ற வைத்துவிடும். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளும் இப்போது வேண்டாம். உங்கள் கட்டி ஹெர்-2 வகையாகவே இருந்தாலும் கீமோவை இப்போது தொடங்கி, டிராஸ்டுசுமாபைப் பிரசவத்துக்குப் பின் சேர்த்துக்கொள்ளலாம்.

குழந்தையை விட்டுவிடுவது பற்றிக் கேட்டீர்கள். கர்ப்பத்தைக் கலைப்பதால் மட்டும் நோய் குணமாகும் வாய்ப்பு கூடுவதில்லை. நோயின் நிலையும் சிகிச்சையும் ஒன்றாக இருந்தால், கர்ப்பிணிக்கும் அதே வயதில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே. கர்ப்பிணிகளுக்கு நோய் மோசம் என்ற பெயர் வந்ததில் பெரும்பங்கு, தாமதமாகக் கண்டுபிடித்ததாலும் பயந்து அரைகுறையாகச் சிகிச்சை தந்ததாலும்தான். மிக ஆரம்ப வாரங்களிலேயே, நோய் வேகமாகப் பரவிய நிலையில் தெரியவந்தால் நிலைமை வேறு. அங்கே காத்திருப்பதே தாய்க்கு ஆபத்தாகலாம், அந்தப் பேச்சு வேண்டியிருக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் இல்லை. எப்படியானாலும் இந்த முடிவு உங்களுடையது. மருத்துவரோ மாமியாரோ அம்மாவோ உங்களுக்காக எடுக்கக்கூடியதல்ல. பயத்தில் எடுத்த முடிவாக மட்டும் அது இருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பிரசவம் சுகப்பிரசவமாகவே ஆகலாம், புற்றுநோய் என்பதற்காகச் சிசேரியன் தேவையில்லை. சுகப்பிரசவம் என்றால் உடம்பு சீக்கிரம் தேறும், அடுத்த கீமோவையும் சீக்கிரம் தொடங்கலாம். நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடியில் புற்றுச் செல்கள் இருப்பது மிக மிக அரிது, இருந்தாலும் பார்ப்பது நல்லது. குழந்தைக்குத் தாயின் மார்பகப் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று உள்ளுக்குள் நினைத்திருப்பீர்கள். அந்தக் கவலை வேண்டாம். தாய்ப்பால் வழியாகவும் புற்றுநோய் பரவாது. ஆனால் கீமோ, ஹார்மோன் மாத்திரை, டிராஸ்டுசுமாப் எடுக்கும் காலத்தில் பாலூட்டக் கூடாது, மருந்து பாலில் கலக்கும். பிரசவத்துக்குப் பின் சிகிச்சை தொடர்ந்தால் பாலை நிறுத்த வேண்டிவரும். நிறையப் பேர் கீமோவைவிட இதற்குத்தான் அதிகம் அழுகிறார்கள். அழுங்கள், தப்பில்லை. குழந்தை உங்கள் மடியில், உங்கள் சூட்டில், உங்கள் கையால் புட்டிப்பால் குடித்து வளரும்.

இந்த வயதில் புற்றுநோய் வந்தால், பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றியும் கேளுங்கள். ஒரு குழாய் இரத்தம் போதும். அந்த முடிவு உங்கள் அறுவை சிகிச்சையை மாற்றலாம், உங்கள் அக்கா தங்கைக்கும் பயன்படலாம். இது நோய் உறுதியான பிறகு வரும் விஷயம், இன்றைக்கு இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ‘நீ சொல்வதுதான்’ என்று நீங்கள் சொன்னது அன்பினால்தான், புரிகிறது. ஆனால் இப்போது உங்கள் மனைவிக்கு வேண்டியது பக்கத்தில் நின்று பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்ளும் ஆள். போன் செய்து நேரம் வாங்குவது, ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் அடுக்குவது, உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவது, மூத்த குழந்தையை அன்று யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்வது, இவை உங்கள் வேலை. அவரிடம் கேட்காமலே செய்யுங்கள்.

சகோதரி, பயாப்சிக்குப் போகும்போது கர்ப்ப ஸ்கேன் ரிப்போர்ட், மார்பக ஸ்கேனின் படங்கள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியோ எடுக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டினி கிடக்க வேண்டியதில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டே போங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும், இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையும் போட்டுக்கொள்ளுங்கள். அன்று இரவு அந்த உள்ளாடையோடே படுத்தால் வீக்கம் குறையும். காய்ச்சலோ, நிற்காத இரத்தக் கசிவோ, மார்பு சிவந்து சூடாவதோ இருந்தால் உடனே கூப்பிடுங்கள். முடிவு வந்ததும், எதுவாக இருந்தாலும், ரிப்போர்ட்டின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன என்று அதை வைத்துப் பேசுவோம்.